உலர்ந்த பழங்கள்: முகத்தலும் நிறுத்தலும்

ஐந்து அங்கத்தினர்கள் ஒன்றுகூடிப் பண்டிகைச் செலவுக்காக 5 கிலோ உலர்ந்த திராட்சையை மொத்த விலைக்கு வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். தராசு அருகில் இல்லை. ஒரு டம்ளர் இருந்தது. டம்ளருக்கு 125 கிராம் பிடிக்கும் என்று ஒருவர் மதிப்பிட்டார். 5 கிலோவுக்கு நாற்பது டம்ளர், ஆளுக்கு எட்டு டம்ளர் என்று முடிவாயிற்று.

முதலாமவர் பழத்தை உதிர்த்து மெல்லப் போட்டுத் தலைதட்டி எட்டு டம்ளர் எடுத்தார். இரண்டாமவர் டம்ளரைத் தரையில் தட்டி, விரலால் அழுத்தி நிரப்பினார். மூன்றாமவர் அழுத்தவுமில்லை, உதிர்க்கவுமில்லை. நான்காமவர் இரண்டாமவரைப் பின்பற்றினார். ஐந்தாமவர் வந்தபோது ஆறு டம்ளருக்குச் சற்று மேலாக எடுத்ததும் சாக்கு காலியாயிற்று. பின்னர் நிறுத்துப் பார்த்தால் கணக்கு இவ்வாறு இருக்கும்: 960 கிராம், 1,120 கிராம், 1,040 கிராம், 1,120 கிராம், கடைசிப் பங்கு 760 கிராம்.

இங்கே ஒருவரும் திருடவில்லை. முதல் நால்வரும் எட்டு டம்ளரே எடுத்தார்கள். ஆயினும் ஐந்தாமவர் தம் பணத்தில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தார். அவர் மனத்தில் சந்தேகம் புகுந்துவிட்டால், அடுத்த முறை கூட்டாக வாங்க அவர் முன்வருவாரா? கூட்டுறவில் கசப்பு பிறப்பதற்குப் பெரிய மோசடி வேண்டியதில்லை. ஒரு டம்ளர் போதும். ஆகையால், உலர்ந்த பழத்தை எப்போது முகக்கலாம், எப்போது நிறுக்க வேண்டும், ஓர் அளவையிலிருந்து மற்றோர் அளவைக்கு எவ்வாறு மாற்றுவது என்பனவற்றை இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

1. இரண்டு அளவைகள்

பொருளை அளக்கும் முறைகளுள் இவ்விரண்டும் நம் வீட்டில் நாள்தோறும் வழங்குவன. பாத்திரத்தில் முகந்து அளப்பது முகத்தல் அளவை. தராசில் இட்டு அளப்பது நிறுத்தல் அளவை. முகத்தல், பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் காட்டும். நிறுத்தல், பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும். தண்ணீர், பால், எண்ணெய் போன்றவை பாத்திரத்தில் இடைவெளியின்றி நிற்கும்; அவற்றை முகந்தால் பிழை குறைவு. உலர்ந்த பழமோ காற்றையும் உடன் வைத்துக்கொண்டு நிற்கும். ஒரு டம்ளர் திராட்சையில் பழம் பாதி, காற்று பாதி என்று கூறினும் பெரிதும் தவறாகாது.

நெசவாள அங்கத்தினர்களுக்கு இது புதிய கணக்கன்று. நூலின் நம்பர் என்பது யாது? 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஓர் இராத்தல் எடைக்கு 40 சிட்டம் நின்றால் அது 40ஆம் நம்பர் நூல். 60 சிட்டம் நின்றால் 60ஆம் நம்பர். நீளத்தையும் எடையையும் இணைக்கும் எண் அது. நம்பர் தெரிந்தவுடன், இத்தனை இராத்தல் நூலில் இத்தனை கெஜம் என்று நெசவாளர் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். உலர்ந்த பழத்துக்கும் அத்தகைய ஓர் எண் வேண்டும். ஒரு மில்லிலிட்டர் இடத்தில் எத்தனை கிராம் பழம் நிற்கிறது என்பதே அந்த எண். இதனை இப்பாடத்தில் "நிறை எண்" என்று குறிப்போம்.

2. பழைய வாய்பாடு

நாஞ்சில் நாடு முகந்து அளந்தே பழகிய நாடு. நெல்லைக் கோட்டையாலும் மரக்காலாலும், அரிசியைப் படியாலும் நாழியாலும் கணக்கிட்டார்கள். வயலின் பரப்பைக்கூட விதைப்பாட்டால் கூறினார்கள். பழைய வீடுகளின் சமையல் குறிப்பேடுகளிலும் விருந்துக் கணக்குகளிலும் இவ்வளவைகளே காணப்படும். அவற்றைப் படித்தறியக் கீழ்க்கண்ட வாய்பாடு உதவும்.

முகத்தல்:
2 ஆழாக்கு = 1 உழக்கு
2 உழக்கு = 1 உரி
2 உரி = 1 நாழி அல்லது படி
8 நாழி = 1 குறுணி அல்லது மரக்கால்

நிறுத்தல்:
3 தோலா = 1 பலம் (35 கிராம்)
8 பலம் = 1 சேர் (280 கிராம்)
5 சேர் = 1 வீசை (1,400 கிராம்)
8 வீசை = 1 மணங்கு (11,200 கிராம்)
1 இராத்தல் = 454 கிராம்

நிறுத்தல் வாய்பாட்டை நம்பி மாற்றலாம். முகத்தல் வாய்பாட்டில் எச்சரிக்கை வேண்டும். படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் கொள்ளளவில் வேறுபட்டன. அன்றியும், நம் மாவட்டம் இரு வழக்குகளின் எல்லையில் அமைந்தது. தமிழ் வாய்பாட்டில் நாழியும் படியும் ஒன்றே; எட்டு நாழி ஒரு மரக்கால். மலையாள வழக்கில் நான்கு நாழி ஓர் இடங்கழி. பத்து இடங்கழி ஒரு பறை. பெயர் ஒன்று, பாத்திரம் வேறு. ஆகவே பழைய குறிப்பேட்டில் "நாழி" என்று கண்டால், அந்த வீட்டில் வழங்கிய நாழி எது என்று மூத்தோரிடம் கேட்டு, கூடுமானால் அந்தப் பாத்திரத்தையே எடுத்து அளந்து பார்த்தல் நலம்.

இக்குழப்பம் நீங்கவே மெட்ரிக் முறை வந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் எடை, அளவுத் தரங்களுக்கான மத்தியச் சட்டம் நிறைவேறிற்று. 1958 அக்டோபரிலிருந்து கிலோகிராம் படிப்படியாகப் புகுந்து, 1962-இல் நாடெங்கும் கட்டாயமாயிற்று. கடையில் படி மறைந்தது. ஆனால் அடுக்களையில் டம்ளரும் கரண்டியும் மறையவில்லை. அச்சிட்ட சமையல் குறிப்புகளின் வழியே "கப்" என்ற ஒன்றும் புதிதாக வந்து சேர்ந்தது. கடைக்காரர் கிராமில் கொடுப்பதை நாம் கப்பில் அளக்க வேண்டியிருக்கிறது. மாற்றுக் கணக்கின் அவசியம் இதனால் குறையவில்லை, கூடிற்று.

3. ஒரே டம்ளர் ஏன் ஒரே எடை காட்டுவதில்லை?

இதற்குக் காரணங்கள் ஐந்து.

முதலாவது, அழுத்தம். உதிரியாக நிரப்பிய திராட்சையினும் அழுத்தி நிரப்பிய திராட்சை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடிக்கும். மேலே கூறிய ஐவரின் கணக்கில் நேர்ந்தது இதுவே.

இரண்டாவது, நறுக்கு. முழுப் பேரீச்சம்பழம் பாத்திரத்தில் பெரிய இடைவெளிகளை விட்டு நிற்கும். நறுக்கினால் துண்டுகள் அவ்விடைவெளிகளில் புகும். ஆதலால் "நறுக்கிய பேரீச்சம்பழம் ஒரு கப்" என்பதும், "பேரீச்சம்பழம் ஒரு கப், நறுக்கிக்கொள்க" என்பதும் ஒன்றல்ல. முன்னதில் நறுக்கியபின் அளக்க வேண்டும். பின்னதில் அளந்தபின் நறுக்க வேண்டும். குறிப்பு எழுதுவோரும் இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ளல் வேண்டும். பேரீச்சையின் கொட்டை மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகும். கொட்டையோடு வாங்குவோர் அதனையும் கழித்துக் கணக்கிடுக.

மூன்றாவது, ஈரம். நம் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது. மழைக்காலத்தில் திறந்து வைத்த உலர்பழம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கனமாகும். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கோடையில் வாங்கிய டம்ளருக்கும் மழையில் வாங்கிய டம்ளருக்கும் எடை வேறு.

நான்காவது, ஊறல். திராட்சையை ஊறவைத்தால் பருமனும் எடையும் கூடும். குறிப்பில் கூறிய அளவு, வேறுவிதமாகச் சொல்லாவிடில், ஊறுவதற்கு முன்னுள்ள அளவே.

ஐந்தாவது, குவியல். இதனைப் பலர் சிறிதென எண்ணுகிறார்கள். ஒரு லிட்டர் கொள்ளும் இரு பாத்திரங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் வாய் 10 செ.மீ. அகலம், ஆழம் 12.7 செ.மீ. மற்றதன் வாய் 20 செ.மீ. அகலம், ஆழம் 3.2 செ.மீ. தலைதட்டினால் இரண்டும் ஒரே அளவு. குவித்து அளந்தால்? குவியலின் உயரம் வாயகலத்தில் நான்கில் ஒன்று எனக் கொள்வோம். கூம்பின் கொள்ளளவு, அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கி மூன்றால் வகுக்க வருவது. அவ்வாறு கணக்கிட்டால், முதற் பாத்திரத்தின் தலைக்குவியல் சுமார் 65 மில்லிலிட்டர். இரண்டாவதன் குவியல் சுமார் 520 மில்லிலிட்டர். ஒன்றில் குவியல் சொற்பம். மற்றதில் பாத்திரத்தின் பாதிக்கு மேல்! நம் கரண்டி ஒவ்வொன்றும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது: ஆழம் குறைந்து வாய் அகன்றது. "ஒரு கரண்டி திராட்சை" என்பதில் தலைதட்டிய கரண்டிக்கும் குவித்த கரண்டிக்கும் ஏறத்தாழ இருமடங்கு வித்தியாசம் வருவது இதனாலேயே.

4. வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை

பிறர் எழுதிய அட்டவணையை நம்புவதினும் தம் பாத்திரத்தைத் தாமே அறிந்து வைத்தல் மேலானது. இதற்கு ஒரு சிறு மின்தராசும் அரைமணி நேரமும் போதும்.

(அ) வெறும் டம்ளரை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்க.

(ஆ) விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மறுபடியும் நிறுக்க. இரண்டின் வித்தியாசம் எத்தனை கிராமோ, டம்ளரின் கொள்ளளவு அத்தனை மில்லிலிட்டர். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ ஆதலின் இது பொருந்துகிறது.

(இ) டம்ளரை நன்கு துடைத்து, ஒட்டிய பழங்களை உதிர்த்து, அழுத்தாமல் நிரப்பி, கத்தியின் பின்புறத்தால் தலைதட்டுக. எடையைக் காண்க. வெறும் டம்ளரின் எடையைக் கழிக்க.

(ஈ) இவ்வாறு மூன்று முறை செய்து, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்க.

(உ) கிடைத்த கிராமை மில்லிலிட்டரால் வகுத்தால் வருவது அப்பழத்தின் நிறை எண்.

எடுத்துக்காட்டு: டம்ளரின் கொள்ளளவு 200 மி.லி.; பழம் 120 கிராம். 120-ஐ 200-ஆல் வகுக்க 0.6. இத்திராட்சையின் நிறை எண் 0.6.

இதன்பின் விதிகள் இரண்டே:
மில்லிலிட்டரை நிறை எண்ணால் பெருக்கினால் கிராம் வரும்.
கிராமை நிறை எண்ணால் வகுத்தால் மில்லிலிட்டர் வரும்.

தராசு இல்லாத வீட்டிலும் வழியுண்டு. நிகர எடை அச்சிட்ட 250 கிராம் பொட்டலம் ஒன்றை வாங்குக. அதனைப் பிரித்து, டம்ளரில் உதிரியாக நிரப்பித் தலைதட்டி எண்ணுக. இரண்டு டம்ளரும் மிச்சத்தில் சிறிதும் இருந்தால், டம்ளருக்குச் சுமார் 120 கிராம் என்று கொள்ளலாம். பொட்டலமே இங்கு படிக்கல்லாகிறது.

5. அட்டவணை

சோதனை செய்யும்வரை பயன்படுத்த, ஏறத்தாழச் சரியான அளவுகளைக் கீழே தருகிறோம். முதல் எண் 200 மி.லி. டம்ளருக்கு, இரண்டாம் எண் 240 மி.லி. கப்புக்கு. எல்லாம் தலைதட்டிய அளவு, எடை கிராமில்.

உலர்ந்த திராட்சை (உதிரியாக): 120, 145
உலர்ந்த திராட்சை (அழுத்தி): 140, 165
பேரீச்சம்பழம் (கொட்டை நீக்கி நறுக்கியது): 120, 145
உலர்ந்த அத்திப்பழம்: 125, 150
உலர்ந்த ஆப்ரிகாட் (பாதிகளாக): 110, 130
அண்டிப்பருப்பு: 115, 135

ஒப்பிட்டு நோக்க:
பச்சரிசி: 155, 185
சர்க்கரை: 165; 200
தண்ணீர்: 200; 240
தேன்: 280, 340

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். "முந்திரி" என்ற பெயர் சிலரால் திராட்சைக்கும், வேறு சிலரால் அண்டிப்பருப்புக்கும் வழங்கப்படுகிறது. சாமான் பட்டியல் எழுதுவோர் "உலர்ந்த திராட்சை" என்றோ "அண்டிப்பருப்பு" என்றோ விளங்க எழுதினால் வாங்கச் செல்பவர் தடுமாறார்.

"கப்" என்பதும் உலகெங்கும் ஒன்றல்ல. அமெரிக்கக் குறிப்புகளில் சுமார் 240 மி.லி.; ஆஸ்திரேலியாவில் 250 மி.லி.; ஜப்பானில் 200 மி.லி. ஆகையால் குறிப்பு எந்நாட்டது என்று முதலில் காண்க.

6. கணக்கு ஒன்று: கிறிஸ்துமஸ் கேக்

ஓர் அமெரிக்கக் குறிப்பு உலர்ந்த திராட்சை 1½ கப், நறுக்கிய பேரீச்சம்பழம் 1 கப், அண்டிப்பருப்பு ½ கப் என்று கூறுகிறது. மாவும் வெண்ணெயும் கிராமில் உள்ளன. கடையில் எத்தனை கிராம் கேட்பது?

திராட்சை: 145 × 1½ = சுமார் 220 கிராம்
பேரீச்சம்பழம்: 145 கிராம்
அண்டிப்பருப்பு: 135 × ½ = சுமார் 70 கிராம்
மொத்தம்: 435 கிராம்

"கப் என்றால் 240, ஆகவே 240 கிராம்" என்று ஒருவர் தவறாகக் கொண்டால், 360, 240, 120 ஆக மொத்தம் 720 கிராம் வாங்குவார். 285 கிராம் அதிகம். பணச் செலவோடு இது நிற்பதில்லை. மாவு தாங்காத பாரம் ஏறிப் பழம் அடியில் தங்கும், நடுப்பகுதி வேகாது. தண்ணீருக்கு மட்டுமே மில்லிலிட்டரும் கிராமும் ஒன்று என்பதை மறத்தலே இப்பிழையின் வேர்.

ஒரு சலுகையும் உண்டு. குறிப்பில் உள்ள பொருள்கள் யாவும் கப்பிலேயே கூறப்பட்டிருந்தால், அவையனைத்தையும் தம் வீட்டு டம்ளர் ஒன்றாலேயே அளந்துவிடலாம். பண்டம் சிறிது குறையுமேயன்றி விகிதம் கெடாது. சில பொருள் கிராமிலும் சில பொருள் கப்பிலும் கலந்து வரும்போதுதான் மாற்றுக் கணக்கு இன்றியமையாதது.

7. கணக்கு இரண்டு: விழாப் பாயசம்

பத்துப் பேருக்கான பாயசத்துக்குத் திராட்சை 2 மேசைக்கரண்டி. சங்க ஆண்டு விழாவுக்கு 250 பேர். எவ்வளவு வாங்குவது?

ஒரு மேசைக்கரண்டி தலைதட்டினால் 15 மி.லி.; இரண்டு கரண்டி 30 மி.லி. 30-ஐ 0.6-ஆல் பெருக்க 18 கிராம். 250 பேர் என்பது 25 மடங்கு. 18 × 25 = 450 கிராம். அரை கிலோ வாங்கினால் போதும்.

குவித்த கரண்டியால் ஐம்பது முறை அள்ளிப் போட்டால் ஏறத்தாழ 900 கிராம் செலவாகும். வீட்டில் பத்துப் பேருக்குச் சமைக்கையில் 18 கிராம் மிகுதியானால் ஒருவரும் உணரார். விருந்தில் அதே பிழை 25 மடங்காகிச் சங்கச் செலவில் ஏறுகிறது. ஆகவே இருபது பேருக்கு மேற்பட்ட சமையலுக்கு எடையாலேயே கணக்கிடுக.

8. எலுமிச்சை அளவு புளி

நம் சமையலில் உலர்ந்த பழத்தை அளக்கும் பழமையான முறை ஒன்று உண்டு. புளியும் பழமன்றோ? உள்ளித் தீயலுக்கும் மீன் குழம்புக்கும் "நெல்லிக்காய் அளவு", "எலுமிச்சை அளவு" என்று புளியை உருட்டிக் காட்டுகிறோம். இதுவும் இடத்தைக் கொண்டு அளக்கும் அளவையே.

இம்முறையில் மறைந்துள்ள பிழையை அறிந்துகொள்க. உருண்டையின் விட்டம் இருமடங்கானால் அதன் கொள்ளளவு இருமடங்காவதில்லை, எட்டு மடங்காகும். விட்டம் 3 செ.மீ. உள்ள உருண்டையையும் 4 செ.மீ. உள்ள உருண்டையையும் பார்த்தால் கண்ணுக்குச் சிறிதே வேறுபாடு. கொள்ளளவிலோ முதலது சுமார் 14 மி.லி.; இரண்டாவது சுமார் 33 மி.லி. இருமடங்குக்கும் மேல்! மாமியார் சொன்ன எலுமிச்சை அளவும் மருமகள் எடுத்த எலுமிச்சை அளவும் மாறுபட்டுக் குழம்பு புளித்துப்போனால், கைப்பக்குவத்தைக் குறை கூற வேண்டியதில்லை. தேர்ந்த ஒருவர் எடுக்கும் உருண்டையை ஒருமுறை நிறுத்து, அந்தக் கிராமைச் சுவரில் எழுதி வைத்தால் அக்கைப்பக்குவம் அடுத்த தலைமுறைக்கும் நிற்கும். கொட்டையும் கோதும் நீக்கிய புளி, நீக்காத புளி ஆகிய இரண்டையும் தனித்தனியே நிறுத்தல் வேண்டும்.

9. விளைவிப்போர் கவனத்துக்கு

ஏத்தன் பழத்தை உலர்த்தி விற்போருக்கு ஒரு கணக்கு முக்கியமானது. உலரும்போது நீர் போகிறது. மற்றச் சத்து போவதில்லை. தோல் நீக்கிய 10 கிலோ பழத்தில் 70 சதவிகிதம் நீர் எனக் கொண்டால், திடப்பொருள் 3 கிலோ. வற்றலில் 20 சதவிகிதம் நீர் நிற்குமாறு உலர்த்தினால், அந்த 3 கிலோ என்பது வற்றலின் 80 சதவிகிதம். ஆகவே வற்றல் 3.75 கிலோ. விலை நிர்ணயிக்கையில் இக்கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும்.

அதே வற்றல் கடையில் இருந்து மேலும் உலர்ந்து 15 சதவிகித ஈரத்துக்கு இறங்கினால், 1 கிலோ பொட்டலத்தில் 941 கிராமே இருக்கும். பழம் ஒன்றுகூடக் குறையவில்லை. எடையில் 59 கிராம் குறைந்தது. பொதிந்து விற்கும் திடப்பொருளின் நிகர எடையை உறையில் குறிப்பது சட்டப்படி வேண்டுவது. 2009-ஆம் ஆண்டின் சட்ட அளவியல் சட்டம் 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆதலால் நன்கு உலர்த்தியபின், காற்றுப்புகா உறையில், தராசில் நிறுத்தே அடைக்க வேண்டும். உறையில் கோடிட்டு, "கோடுவரை நிரப்பினால் 250 கிராம்" என்று அடைப்பது முகத்தல் அளவையே. மேலே கூறிய ஐந்து பிழைகளும் அதில் வந்து சேரும்.

முகத்தலும் நிறுத்தலும் சேர்ந்து விளைவிப்போருக்கு உதவும் இடமும் உண்டு. மிளகு என்பது கொடியின் முற்றிய காயைப் பறித்து உலர்த்தியதே. மிளகு வாணிகத்தில் "லிட்டர் எடை" பார்க்கிறார்கள். ஒரு லிட்டர் பாத்திரத்தில் நிரப்பி நிறுத்தால் 550 கிராம் நிற்பது கனமான மணி. 500 கிராம் நிற்பது அதனினும் இலேசானது. பொக்கு மிகுந்தால் இன்னும் இறங்கும். இங்கே நிறை எண்ணே தரத்தின் சான்றாகிறது. சந்தைக்குப் போகுமுன் வீட்டிலேயே லிட்டர் எடை பார்த்துச் செல்பவர், தம் சரக்கின் தரத்தைப் பிறர் வாயால் கேட்டு அறிய வேண்டியதில்லை.

10. முடிவுரை

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844 டிசம்பர் 21-ந் தேதி 28 பேர் கூடி ஒரு சிறு பண்டகசாலையைத் திறந்தார்கள். அவர்களுள் பலர் நெசவாளர். மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில சாமான்களே அங்கு இருந்தன. கலப்படமற்ற சரக்கும் குறைவற்ற எடையும் அவர்கள் கடைப்பிடித்த கொள்கைகளுள் முக்கியமானவை. உலகக் கூட்டுறவு இயக்கம் அந்தத் தராசுத் தட்டிலிருந்து வளர்ந்தது என்று கூறினும் பொருந்தும்.

நாமும் நம் சிறு பங்கீடுகளில் அதனைப் பேணுவோமாக. கூட்டாக வாங்கியதை எடையால் பகிர்க. சமையலில் டம்ளரைப் பயன்படுத்துவோர், அதன் கொள்ளளவையும் பழத்தின் நிறை எண்ணையும் எழுதி வைத்துப் பயன்படுத்துக. தொடக்கத்தில் கூறிய ஐவரும் ஒரு தராசைக் கடன் வாங்கி ஆளுக்கு 1 கிலோ நிறுத்திருந்தால், கால்மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். அடுத்த பண்டிகைக்கும் ஐவரும் சேர்ந்தே வாங்கியிருப்பார்கள்.

பயிற்சி

1. வெறும் டம்ளரின் எடை 60 கிராம். தண்ணீர் நிரப்பினால் 240 கிராம். உலர்ந்த திராட்சையை உதிரியாக நிரப்பித் தலைதட்டினால் 168 கிராம். டம்ளரின் கொள்ளளவு யாது? திராட்சையின் நிறை எண் யாது?

2. ஒரு குறிப்பில் உலர்ந்த திராட்சை ¾ கப் (கப் 240 மி.லி.) என்றுள்ளது. மேற்படி டம்ளரால் எத்தனை டம்ளர் எடுக்க வேண்டும்?

3. பழைய குறிப்பேட்டில் "உலர்ந்த திராட்சை 5 பலம்" என்றுள்ளது. கிராமில் எவ்வளவு? 200 மி.லி. டம்ளரில் எவ்வளவு?

4. தோல் நீக்கிய 20 கிலோ பழத்தில் நீர் 70 சதவிகிதம். 25 சதவிகித ஈரம் நிற்குமாறு உலர்த்தினால் வற்றல் எத்தனை கிலோ?

விடைகள்: (1) 180 மி.லி.; பழம் 108 கிராம், நிறை எண் 0.6. (2) சரியாக ஒரு டம்ளர். (3) 175 கிராம். ஏறத்தாழ ஒன்றரை டம்ளர். (4) 8 கிலோ.